கையெழுத்தான பணிவிலகல் ஒப்பந்தம்: நிறுத்தப்பட்ட தவணைகளை வசூலிப்பது எப்படி?

கேள்வி:

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் 2014 ஜூலையில் சேர்ந்தேன். கடைசி நான்கு ஆண்டுகள் டெலிவரி மேனேஜர். ஆட்குறைப்பு என்று சொல்லி, 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை மாலை மனிதவளத் துறையினர் அழைத்து, பணிவிலகல் ஒப்பந்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்திடச் சொன்னார்கள். மறுத்தால் டெர்மினேஷன் என்றார்கள். கையெழுத்திட்டேன். மார்ச் 31 கடைசி நாள். ஒப்பந்தப்படி 9 லட்சம் ரூபாயை ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31 என மூன்று சம தவணைகளில் தர வேண்டும். முதல் தவணை மட்டும் டி.டி.எஸ். போக வந்தது. ஆகஸ்டில் கேட்டபோது, நிதி நெருக்கடி, இரண்டாம் தவணை அடுத்த காலாண்டில் வரும் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். செப்டம்பரில் வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். நவம்பரில், ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையை மீறிவிட்டதால் மீதித் தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அந்த 9 லட்சத்திலேயே அடக்கம் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது இரு தரப்பும் மின்னணு முறையில் கையெழுத்திட்ட பி.டி.எஃப். மட்டும், முத்திரைத்தாள் கிடையாது. மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று வழக்குப் போடலாமா? தொழிலாளர் நீதிமன்றமா, சிவில் கோர்ட்டா? காவல்துறையில் மோசடிப் புகார் கொடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். லிங்க்ட்இன்னில் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

– வாசகி, சென்னை

வழக்கறிஞர் பதில்:

உங்கள் கடிதத்தில் கோபம் அதிகம் தெரிவது அந்த வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றிய வரிகளில்தான். கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு என்று வரும்போது அந்த மாலையை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 19, 19ஏ பிரிவுகளின்படி, வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்ட ஒப்புதல் ஒப்பந்தத்தை இல்லாததாக்கிவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதைத் தள்ளிவிடும் உரிமையை மட்டும் தருகிறது. தள்ளிவிடுவதென்றால் முழுவதையும் தள்ளிவிட வேண்டும். 64ஆம் பிரிவின்படி வாங்கிய முதல் தவணையையும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் என்று ஒரு பத்தியிலும், அதே ஒப்பந்தத்தின் 6 லட்சத்தைத் தா என்று அடுத்த பத்தியிலும் எழுதுவது ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்ற கதையாகிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது என்ன என்பதையும் பாருங்கள். தனிநபர் சேவைக்கான வேலை ஒப்பந்தத்தைச் சிவில் நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது என்பதால், மேலாளர் நிலையில் இருந்த ஒருவருக்குத் தனியார் நிறுவனத்தில் மீண்டும் வேலை கிடைக்கப் போவதில்லை. நியமன ஆணையில் சொல்லப்பட்ட அறிவிப்புக் கால ஊதியத்தைத்தான் பெரும்பாலும் இழப்பீடாகக் கேட்க முடியும். அது உங்களுக்குப் பாக்கியிருக்கும் 6 லட்சத்தை எட்டுமா என்பது ஐயமே. தவிர, கையெழுத்திடாவிட்டால் வேலையிலிருந்து நீக்குவோம் என்று சொல்வது மட்டுமே 15ஆம் பிரிவு சொல்லும் வற்புறுத்தல் ஆகிவிடாது. குற்றவியல் சட்டம் தடைசெய்த செயலைச் செய்வதாக மிரட்டுவது போன்றவற்றைத்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. ஆகவே ஒப்பந்தம் செல்லும், அதை நானும் நிறைவேற்றினேன், நிறுவனமும் ஒரு தவணை கொடுத்து ஏற்றுக்கொண்டது, மீதி 6 லட்சம் எழுத்துமூலமான கடன் என்ற ஒற்றை நிலைப்பாட்டில் நின்றுகொள்ளுங்கள். இனி உங்கள் கையில் இருப்பது வேலைநீக்க வழக்கன்று, பண வழக்கு.

முத்திரைத்தாள் பற்றிக் கவலை வேண்டாம். முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை இந்திய முத்திரைச் சட்டம், 1899-இன் 35ஆம் பிரிவின்படி சாட்சியமாக ஏற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் உரிய தீர்வையையும் அபராதத்தையும் கட்டிவிட்டால் அந்தக் குறை நீங்கிவிடும். தீர்வை செலுத்தாத ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதன்று, ஆனால் அதனாலேயே செல்லாததாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பர் 13 அன்று தெளிவாக்கியது. வழக்குப் போடும் முன்பே இந்தக் குறையைச் சரிசெய்துவிடுவது நல்லது; விசாரணை நடுவில் ஆவணத்தை முடக்கிவைத்தால் மாதங்கள் கரைந்துவிடும்.

மின்னணுக் கையெழுத்து என்பதாலும் ஒப்பந்தம் பலவீனமாகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தத்தை மறுக்க முடியாது என்கிறது. அக்கறை காட்ட வேண்டியது அதை நிரூபிக்கும் முறையில்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுடன்தான் மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மறுபகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பில் சிறு மாற்றம் நடந்தாலும் மாறிவிடும் கணினிக் குறியீடு) குறிப்பிட வேண்டும். எனவே அந்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்காமல், பெயர் மாற்றாமல், வந்த மின்னஞ்சலோடு அப்படியே வைத்திருங்கள். கையெழுத்துச் சேவைகள் கோப்பின் கடைசியில் யார், எந்த நேரத்தில், எந்த இணைய முகவரியிலிருந்து ஒப்பமிட்டார் என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கும். அச்செடுக்கும்போது பலர் விட்டுவிடும் அந்தப் பக்கம்தான் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது. ஆகஸ்ட் மின்னஞ்சல் உங்கள் தனிப்பட்ட முகவரிக்கு வந்ததா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி நிறுவனம் சொல்லும் காரணத்துக்கு வருவோம். வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. பணியில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு, பணி முடிந்த பிறகும் தொடரும் தடை வேறு என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் பாகுபாடு. சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் 1980-இலும், கிரிக்கெட் வீரர் சாகீர் கானுக்கு எதிராக அவருடைய முன்னாள் விளம்பர முகமை நிறுவனம் நடத்திய வழக்கில் 2006-இலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் சென்றது. வாடிக்கையாளர் பட்டியலையோ ரகசியத் தகவலையோ எடுத்துச் செல்லக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை நீதிமன்றங்கள் வேறு விதமாகப் பார்க்கும் என்பதால், உங்கள் ஒப்பந்தத்தில் அவை தனியாக இருக்கின்றனவா, புதிய வேலையில் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் யாருடனாவது நீங்கள் தொடர்பில் இருக்கிறீர்களா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

எதிர்த்தரப்பு இதைச் சற்று மாற்றிச் சொல்லக்கூடும்: 'நாங்கள் அவர் வேலை தேடுவதைத் தடுக்கவில்லை, சேராமல் இருந்தால் பணம் தருகிறோம் என்று மட்டுமே சொன்னோம்' என்பது அந்த வாதம். அவர்களிடம் இருப்பதில் ஓரளவாவது சத்துள்ள வாதம் இதுதான். பணத்தைப் பிடித்துவைத்தே அதே தடையை அமல்படுத்தும் வழி இது என்று நாம் பதில் சொல்வோம். ஆனால் அதைவிட வலுவான பதில் உங்கள் தேதிகளிலேயே இருக்கிறது. இரண்டாம் தவணை ஜூலை 31 அன்றே தர வேண்டியதாகிவிட்டது. நீங்கள் புதிய வேலையில் சேர்ந்தது செப்டம்பரில். நிபந்தனை செல்லும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், முதலில் தவறியவர் நீங்களல்ல. ஆகஸ்டில் அவர்கள் எழுதிய மின்னஞ்சலில் இந்த நிபந்தனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிதி நெருக்கடியைக் காட்டி அவகாசம் கேட்டிருக்கிறார்கள். பணம் இல்லாதபோது ஒரு காரணம், கெடு தாண்டிய பின் வேறொரு காரணம் என்பதை நீதிபதி எளிதில் பார்த்துவிடுவார். எனவே நோட்டீஸிலும் வழக்குரையிலும் இரண்டு தவணைகளையும் ஒன்றாகக் குழைக்காமல், தேதி வரிசையில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் தவணைக்கு 27ஆம் பிரிவைச் சார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் தவணைக்கு அதன் துணையே தேவையில்லை.

அந்த ஆகஸ்ட் மின்னஞ்சலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒப்பந்த மீறலுக்கான வழக்கைக் காலவரையறைச் சட்டம், 1963-இன் 55ஆம் இனத்தின்படி மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கணக்கு தனியாக ஓடும். கெடுவுக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் 18ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஆனாலும் அந்த அவகாசத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பணிக்கொடை விஷயத்தில் அவர்கள் சொல்வது நிற்காது. பணிக்கொடைச் சட்டம், 1972-இன் 14ஆம் பிரிவு, வேறு எந்த ஒப்பந்தத்தையும் மீறி அந்தச் சட்டமே செல்லும் என்கிறது. எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன் என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் பணிக்கொடை அதில் கரைந்துவிடாது. நீங்கள் பணியை விட்டது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வருவதற்கு முன்பு என்பதால், 1972 சட்டப்படியே கணக்கிட வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படி இருந்தால் அதையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்குவது கணக்கு. 2014 ஜூலை முதல் 2025 மார்ச் வரை பத்து ஆண்டுகளும் ஆறு மாதத்துக்கு மேலும் ஆகிவிட்டதால் 11 ஆண்டுகளாகவே எடுக்க வேண்டும். உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் பணிக்கொடை ஏறத்தாழ 3,80,769 ரூபாய். சி.டி.சி. தொகையை (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) பன்னிரண்டால் வகுத்து இந்தக் கணக்கில் போடுகிறவர்கள் பலர். அது தவறு, சம்பளச் சீட்டில் அடிப்படை என்ற வரியை மட்டும் பாருங்கள்.

நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் பணிக்கொடையைக் கணக்கிட்டு 30 நாட்களுக்குள் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி உண்டு. இதற்குத் தொழிலாளர் துறையின் பணிக்கொடைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். தொண்ணூறு நாள் கெடு தாண்டியிருந்தாலும் தகுந்த காரணம் காட்டினால் மனுவை ஏற்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் 9 லட்சத்தில் அடக்கம் என்று சொல்லி இழுத்தடித்ததை அந்தக் காரணமாகக் காட்டலாம். இங்கே மேலாளர், தொழிலாளர் என்ற பாகுபாடு கிடையாது. இந்த மனுவைச் சிவில் வழக்கோடு சேர்க்காமல் தனியாக, உடனே போடுங்கள்.

மீதி 6 லட்சத்துக்குத் தொழிலாளர் நீதிமன்றம் பொருந்தாது. பதினான்கு பேர் குழுவுக்கு விடுப்பு அனுமதிப்பதும் ஆண்டு மதிப்பீடு எழுதுவதும் உங்கள் பொறுப்பாக இருந்ததாகக் கடிதத்தின் இணைப்பில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமாக இருந்தாலும், அதன் இடத்தைப் பிடித்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பாக இருந்தாலும், முதன்மையாக மேலாண்மைப் பணி செய்தவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். பதவிப் பெயர் மட்டும் மேலாளர், செய்ததெல்லாம் நிரல் எழுதும் வேலை என்ற நிலையில் இருக்கும் மற்ற வாசகர்கள் இந்த முடிவைத் தங்களுக்கு அப்படியே பொருத்திக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குத் தொழிலாளர் சட்டப்படி பணத்தை வசூலிக்கும் எளிய வழி திறந்திருக்கக்கூடும்.

உங்களுக்கான இடம் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாநகர உரிமையியல் நீதிமன்றம். ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று எழுதியிருந்தால் அங்கேதான் போக வேண்டும். வேலை ஒப்பந்தங்களிலும் அத்தகைய நிபந்தனை செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பாய நிபந்தனை இருந்தால், நிறுவனம் அதைக் காட்டிச் சிவில் வழக்கை நிறுத்த முடியும். நடுவரை நாங்களே தனியாக நியமிப்போம் என்று அதில் எழுதியிருந்தால் மட்டும் அதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

இவை இல்லையென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க விசாரணை வழக்குப் போடுங்கள். எழுத்துமூல ஒப்பந்தத்தில் தொகை நிர்ணயிக்கப்பட்ட கடனை மட்டும் கேட்கும் வழக்குகளுக்கான வழி இது. அழைப்பாணை கிடைத்த பத்து நாட்களுக்குள் பிரதிவாதி முன்னிலையாக வேண்டும். பிறகு, எதிர்வாதம் செய்ய அனுமதி கொடுங்கள் என்று தனியாக மனுச் செய்து, வாதத்தில் சாரம் இருப்பதைக் காட்ட வேண்டும். வாதம் நம்பத்தக்கதாக இல்லையென்றால், தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வாதாடு என்று நீதிபதி நிபந்தனை விதிக்கலாம். பல நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவது அந்தக் கட்டத்தில்தான். இந்த வழியில் போவதானால், கட்டளைக்குள் அடங்காத எந்தப் பரிகாரமும் வழக்குரையில் இருக்கக்கூடாது. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், உங்கள் வழக்கு சாதாரண வழக்குகளின் வரிசைக்குப் போய்விடும். நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், 6 லட்சத்துக்கு 18,000 ரூபாய் வரும். பெண் என்ற ஒரு தகுதியே போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும், எழுத்துமூல ஆவணப்படி குறிப்பிட்ட தேதியில் தர வேண்டிய கடனுக்கு அந்தத் தேதியிலிருந்தே வட்டிச் சட்டம், 1978-இன்படி வட்டி கேட்க முடியும்; வட்டி கேட்கப்படும் என்ற வரி நோட்டீஸிலும் இருக்கட்டும். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் உள்ள பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றை எடுத்து வையுங்கள். அதே தளத்தில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும் நிறுவனமும் உங்களுக்குச் சம்பளம் போட்ட நிறுவனமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வணிகப் பெயரில் இரண்டு மூன்று கம்பெனிகள் வைத்திருப்பது இந்தத் துறையில் சாதாரணம்.

நண்பர் சொன்ன மோசடிப் புகார் வேண்டாம். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. ஒரு தவணை கொடுத்துவிட்டு நிறுத்தியவர்மீது அதை நிலைநாட்டுவது கடினம். லிங்க்ட்இன் பதிவும் வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களில் நிறுவனத்தை இழித்துப் பேசக்கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். இப்போது அவர்களிடம் இல்லாத ஓர் உண்மையான மீறலை நீங்களே கையில் கொடுத்தது போலாகும்.

நோட்டீஸ் போனதும், 3 லட்சம் தருகிறோம், எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்ற அழைப்பு வரலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் மீதிக்கு உரிமை போய்விடும். குறைத்துக்கொள்வதில் தவறில்லை, அது உங்கள் விருப்பம்; ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகே அப்படி எழுதிக் கொடுங்கள். அவகாசம் கேட்டால், வாய்ச்சொல்லுக்குப் பதிலாகப் பின்தேதியிட்ட காசோலைகளைக் கேளுங்கள். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கையில் இருக்கும். திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும், பணம் தர 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். வழக்குப் போட்ட பிறகு சமரசமானால் நீதிமன்றக் கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்; நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே சமரசம் செய்துகொண்டாலும் அது உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான மேல்முறையீட்டிலேயே 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அவசரப்படுத்துவதற்கான காரணத்தைச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆகஸ்டில் அவர்கள் நிதி நெருக்கடி என்று எழுதியது உண்மையாகவே இருக்கலாம். நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய்விட்டால், திவால் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவின்படி உங்கள் வழக்கு நின்றுவிடும். அந்த நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணரிடம் 'டி' படிவத்தில் கோரிக்கை கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த நடைமுறையை நீங்களே தொடங்கி நெருக்கடி கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், அதற்கான குறைந்தபட்சத் தொகை 2020 மார்ச்சிலிருந்து 1 கோடி ரூபாய் என்பதைச் சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின்மீது புதிதாக அடமானங்கள் பதிவாகின்றனவா என்பது அமைச்சகத் தளத்தில் தெரியும். மாதம் ஒருமுறை பாருங்கள். சொத்துகளை விற்று ஒதுங்கும் அறிகுறி தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு 38ஆம் கட்டளைப்படி மனுச் செய்யலாம். உங்களுக்குச் சம்பளம் வந்த கணக்கின் வங்கிப் பெயரும் கிளையும் பழைய வங்கி அறிக்கையில் இருக்கும்; தீர்ப்பாணை கிடைத்த பின் நிறைவேற்று மனுவில் முதலில் கேட்கப்படும் விவரம் அதுதான் என்பதால், அந்த அறிக்கைகளை இப்போதே பதிவிறக்கி வையுங்கள்.